துணி காயும் அறையில் மூன்று நாள்

அன்புள்ள பிள்ளைக்கு,

நலம் விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. நேற்று மட்டும் மூன்று தரம் தொலைபேசியில் கதைத்தோம். கூறைச் சேலைக்கு எந்த நிறக் கரை, மண்டபத்தில் எத்தனை கதிரை, எம்மன்புரூக்கேயில் நீங்கள் எடுத்திருக்கிற புது வீட்டின் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுத்தாயா என்று எல்லாம் கதைத்தோம். ஒன்றை மட்டும் கதைக்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது, "சரி பிள்ளை, வைக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். "உனக்கு வாய் இருக்கிற அளவுக்குத் தைரியம் இல்லை" என்று உன் அப்பா சொல்வார். முப்பது வருடத்தில் அந்த மனிதர் என்னைப் பற்றிச் சொன்ன உருப்படியான கருத்து அதுதான். அதனால் எழுதுகிறேன். கலியாணத்துக்கு முன் தாய் மகளுக்குச் சொல்லும் புத்திமதி இதில் கொஞ்சம் இருக்கும். மிச்சமெல்லாம் குற்ற ஒப்புதல். இருந்து, ஆறுதலாக வாசி. இந்தக் கடிதத்தோடு வந்திருக்கும் பெட்டியை வாசித்து முடித்த பிறகு திற.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நீயும் மருமகனும் வின்டர்தூருக்கு வந்து, கீழே கெல்லரில், நிலத்தடியில் இருக்கிற எங்கள் பலகை அறையை ஒழித்தீர்களே, அன்றைக்குத் தொடங்கியது இது. உன் பழைய சைக்கிள், பனிச்சறுக்குச் சப்பாத்து, பள்ளிக்கூடப் படங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தப் பெரிய கிடாரமும் மூடியோடு இரண்டு வெள்ளை வாளிகளும் ஒரு பெட்டி நிறைய வெறும் போத்தல்களும் இருந்தன. "இது என்ன, ஊருக்கே சமைக்கிற கிடாரம் போல?" என்று மருமகன் கேட்டார். நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்: "நான் ஒரு காலத்திலை பியர் காய்ச்சினனான். எனக்கு அது கைவரேல்லை. அம்மா, அதெல்லாத்தையும் எறிஞ்சு விடுங்கோ." சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கப் போய்விட்டாய். நான் படிக்கட்டில் நின்றேன். உனக்குக் கைவரவில்லை என்று நீ உண்மையாகவே நம்புகிறாய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை மும்முரத்தில் விட்டுவிட்டாய், நேரம் கிடைக்கவில்லை என்றுதான் ஐந்து வருடமாக எனக்கு நானே கதை சொல்லி வைத்திருந்தேன்.

நீங்கள் போன பிறகு, நகரசபை பழைய கடதாசி எடுக்கும் நாளுக்காக நீ நூல் போட்டுக் கட்டிவைத்த கட்டுக்களைத் தூக்கினேன். அதில் ஒன்றுக்குள் உன் நீல நோட்டுப் புத்தகம் இருந்தது. முனை மட்டும் வெளியே தெரிந்தது. நூலை வெட்டி அதை எடுத்தேன். உன் அனுமதி இல்லாமல்தான்.

முதலில் நல்ல பக்கங்களைப் பற்றிச் சொல்கிறேன். நீ தொழிற்பயிற்சி முடித்துவிட்டு ஆங்கிலம் படிக்க ஆறு மாதம் பேர்மிங்காமில் சித்தப்பா வீட்டில் இருந்தாய். சித்தப்பா உன்னை ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், மூலையில் நாலு வயதான வெள்ளைக்காரர் கறுத்த பியர் ஒன்றைத் தேத்தண்ணி குடிப்பது போல அவசரமில்லாமல் குடித்துக்கொண்டு இருந்தார்களாம். "அது கிழடுகளின்ரை பியர், உனக்குப் பிடிக்காது" என்று சித்தப்பா சொன்னாராம். சித்தப்பாவுக்கு உன்னைத் தெரியாது. பிடிக்காது என்று யாராவது சொன்னால் உனக்கு அது பிடித்துவிடும். அப்படித்தான் மைல்ட் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நீ திரும்பி வந்து குசினி மேசையில் இருந்து அப்பாவுக்கும் எனக்கும் வகுப்பே எடுத்தாய். அந்தக் காலத்தில் மைல்ட் என்றால் பழசாக வைக்காமல் புதிதாகக் குடிக்கிற பியர், அவ்வளவுதான். நூற்றைம்பது வருடத்துக்கு முன் அது வெளிர் நிறமாகவும் தலை சுற்றுகிற அளவுக்குக் கடுமையாகவும் இருந்ததாம். பிறகு வரி வந்தது, யுத்தம் வந்தது, தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருந்தது தண்ணியாகிக்கொண்டே போனதாம், நிறம் மட்டும் கறுத்ததாம். அப்பா சொன்னார், "யுத்தம் வந்தால் எல்லாத்தையும் அப்பிடித்தான் செய்யும் பிள்ளை." 

பழைய ஆலைகளின் பதிவேடுகளைத் தேடித் தேடிப் பார்த்து, எவ்வளவு மோல்ட் என்கிற முளைகட்டிய பார்லி, எவ்வளவு ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூ, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் என்று இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறாய். ஒரு பக்கத்தில் கடுமையான பழைய மைல்ட், அடுத்த பக்கத்தில் யுத்த காலத்து மெலிந்த மைல்ட். கிடாரம் அப்பா டாவோஸ் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிய காலத்தில், அவர்கள் புதிது வாங்கியபோது எடுத்து வந்தது. அதில் நாங்கள் கோயிலுக்குப் பொங்கல் வைத்திருக்கிறோம், நீ பியர் காய்ச்சினாய். நான் முகத்தைச் சுளித்தேன், தெரியும். ஆனால் சீனிப்பாகு காய்ச்சிய நாள் உனக்கு நினைவிருக்கிறதா? அந்தப் பியருக்குக் கறுப்பும் இனிப்பும் தருகிற பாகை, சீனியில் எலுமிச்சம்புளி விட்டு மெல்லிய நெருப்பில் மணிக்கணக்காகக் காய்ச்ச வேண்டும் என்றாய். நீ வெப்பமானியை வைத்துக்கொண்டு நின்றாய். நான் பயற்றம் பணியாரத்துக்குப் பாகு வைக்கிற கண்ணால் பார்த்து, "இப்ப இறக்கு" என்றேன். "இன்னும் ரெண்டு டிகிரி இருக்கம்மா" என்றாய். "இறக்கு எண்டால் இறக்கு." இறக்கினாய். நோட்டில் அந்த இடத்தில் "அம்மா சொன்னது சரி" என்று எழுதியிருக்கிறாய். ஜெர்மன் மொழியில்தான், ஆனாலும் எனக்கு விளங்கியது. அதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. காரணத்துக்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய கதை, உனக்குத் தெரியாதது. நீ ஒரு வயதுக் குழந்தை. டாவோஸில் ஹோட்டல் வேலையாட்களுக்குக் கொடுத்த அறையில் இருந்தோம். நான் மீன் குழம்பு வைத்தால் மேல் மாடியில் இருந்து யாராவது வந்து கதவில் தட்டுவார்கள். ஒரு நாள் அறையைப் பார்க்க மேலாளர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, கறி மணம் போக நடு மாரியில் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். அரை நாள் திறந்திருந்தது. மேலாளர் வரவே இல்லை. உனக்குக் காய்ச்சலும் காது வலியும் வந்து ஒரு கிழமை வைத்தியசாலையில் இருந்தாய். ஜன்னல் திறந்ததை நான் வைத்தியரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் அப்படியே என்னோடு வந்தது. முதலில் கறி மணத்தைச் சுவிஸ்காரரிடம் இருந்து ஒளித்தேன். பிறகு பியர் மணத்தைத் தமிழரிடம் இருந்து ஒளித்தேன். ஒளிக்க வேண்டும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வருடத்துக்கு முந்திய தை மாதம். கீழ் வீட்டு அன்ரி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தா. பொடியன் என்ஜினியர், நல்ல குடும்பம், ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறார்கள் என்றா. அதே கிழமை புதன்கிழமை பின்னேரம் நீ மைல்ட் காய்ச்சினாய். வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் மாசியில் சூரிச்சில் நடத்தும் ருசி பார்க்கும் கூட்டத்துக்காக. அது உனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், தெரியாது என்று சாட்டுச் சொல்லமாட்டேன். வாளியை மூடி, வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற குளிர்ந்த சாமான் அறையில் வைத்தாய். வியாழன் காலை வேலைத்தலப் படிப்புக்காக லோசானுக்குப் போனாய், சனி இரவுதான் திரும்புவாய். போகும்போது வாளியில் ஒட்டியிருந்த வெப்பப் பட்டியைக் காட்டிச் சொன்னாய்: "அம்மா, இது பதினெட்டுக்கு மேலை போகக் கூடாது. காலமையும் பின்னேரமும் பாத்து எழுதுறீங்களோ?" நான் "ஓம், நீ போ, ரெயில் போயிடும்" என்றேன்.

நீ போய் ஒரு மணித்தியாலத்தில் வாளி "ப்ளுக், ப்ளுக்" என்று சத்தம் போடத் தொடங்கியது. வீடெல்லாம் மோல்ட் மணம். வெள்ளிக்கிழமை அன்ரி பலகாரம் சுட உதவிக்கு வருகிறா. அவவின் வாய்க்குள் ஒரு விஷயம் போனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அது லுசேர்ன் வரைக்கும் போகும். பொம்பிளைப் பிள்ளை பியர் காய்ச்சுகிறாள் என்று அவர்கள் வீட்டில் கதைப்பார்கள் என்று பயந்தேன். கெல்லரில் வைக்கலாம் என்றால் எங்கள் பலகை அறைக்குப் பக்கத்தில்தான் அன்ரியின் பலகை அறை, இடுக்கால் எல்லாம் தெரியும். ஆனால் அந்தக் கிழமை வியாழன் தொடக்கம் சனி வரை உடுப்புத் தோய்க்கும் முறை எங்களுடையது. கட்டிடத்தில் எல்லோருக்கும் பொதுவான துணி காயப்போடும் அறையின் திறப்பு என் கையில். பூட்டினால் மூன்று நாளைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். இருபது லீற்றர் வாளியை நான் தனியாகத்தான் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கிப் பழகிய கை இது. அறை மூலையில் வைத்து, சுற்றிக் கயிறு கட்டி, ஈரச் சேலைகளைத் தொங்கவிட்டேன். சுடுகாற்று மெசினைப் போட்டேன். சேலை காய வேண்டாமா?

நீ இப்போது வாயில் கை வைத்திருப்பாய். அது எனக்குப் பிழையாகவே தோன்றவில்லை, பிள்ளை. ஒவ்வொரு மாரிக்கும் தோசை மா பொங்காவிட்டால் நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறேன்? அதே அறையில், அதே மூலையில், துவாயால் மூடி. இந்த நாட்டுக் குளிரில் மா பொங்குகிற ஒரே இடம் அதுதான். பொங்குகிற சாமான் சூட்டில் இன்னும் நல்லாய்ப் பொங்கும், பிள்ளைக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். நீ பதினெட்டு என்று சொன்னது, படித்த பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஓர் எண் சொல்லுகிற மாதிரி என்று விட்டுவிட்டேன். வெள்ளி காலை போய்ப் பார்த்தபோது பட்டியில் ஓர் எண்ணும் தெரியவில்லை, முழுக்கக் கறுப்பு. இருபத்தாறுக்கு மேல் அதில் எண் இல்லை என்று இப்போது தெரியும். குழாயால் நுரை பொங்கித் தரையில் வழிந்திருந்தது. துடைத்தேன். மேலே வந்து நோட்டில் "18" என்று எழுதினேன். வியாழன் பின்னேரத்துக்கும் 18. வெள்ளி பின்னேரம் 18. சனி இரண்டு தரமும் 18. சனி பின்னேரம் திறப்பைக் கொடுக்க வேண்டும், வாளியைக் கெல்லரில் வைத்து, மேலே பழைய கம்பளி போட்டு மூடினேன். இரவு நீ வந்து கேட்டபோது, "ஆக்கள் வருகினம் எண்டு இப்பத்தான் கீழை இறக்கினனான்" என்றேன். "நல்லது, அங்கையும் குளிர்தானே" என்று சொல்லி நோட்டைப் பார்த்தாய். "தாங்க்ஸ் அம்மா" என்றாய்.

இடம் மாற்றியது பிழை. பதினெட்டு என்று எழுதியது பொய். இரண்டும் ஒன்று அல்ல என்பதை நான் இந்த இரண்டு மாதத்தில்தான் எனக்குள் ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். அப்பா கடையில் வாங்கிய பியரை மேசையில் வைத்தார். ஆம்பிளைகள் வந்தால் வைப்பதுதானே. பொடியனின் தகப்பன் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, "கடைப் பியர் எல்லாம் இப்ப ஒரே ருசி அண்ணை. வெள்ளைக்காரர் கொஞ்சப் பேர் வீட்டிலையே காய்ச்சுகினமாம், அதுதான் பியராம்" என்றார். நீ தேத்தண்ணித் தட்டோடு நின்றாய். உன் முகம் மலர்ந்தது, வாயைத் திறந்தாய். நான் குறுக்கே விழுந்து, "வடை எடுங்கோ, சூடாறப் போகுது" என்றேன். நீ என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடினாய். கடைப் பியர் மேசையில், அவர் கேட்ட பியர் கெல்லரில் கம்பளிக்குள். நினைத்தால் இப்போது சிரிப்பும் வருகிறது, அறைய வேண்டும் போலவும் வருகிறது. என்னைத்தான். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை, நீயும் அந்தப் பொடியனும் இரண்டு மாதம் கதைத்துப் பார்த்து வேண்டாம் என்றீர்கள். அதற்கும் பியருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாருக்காக ஒளித்தேனோ அவர்கள் எங்கள் வாழ்க்கையிலேயே இல்லை.

மாசியில் நீ சூரிச்சுக்குப் போய் வந்தாய். நான் சோறு போட்டுக்கொண்டு நின்றேன், நீ அப்பாவுக்குச் சொன்னாய். ருசி பார்த்தவர்களில் ஒருவர் உன் கிளாஸை மணந்துவிட்டு, நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி மணக்கிறது, கட்டாயம் சூட்டில் புளித்திருக்கிறது என்றாராம். நீ நோட்டை விரித்துப் பதினெட்டைக் காட்டினாயாம். "கடதாசி பதினெட்டு என்கிறது, கிளாஸ் முப்பது என்கிறது. இரண்டில் ஒன்று பொய். கிளாஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னாராம். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற பிள்ளையிடம், நீ எண்ணை மாற்றி எழுதினாய் என்று. நீ அழவில்லை. சாப்பிடாமல் எழும்பி, ஒரு பாத்திரத்தில் ஐஸும் தண்ணியும் போட்டு, பட்டியைச் சரிபார்க்க நீ வைத்திருந்த வெப்பமானியை அதற்குள் வைத்து, அது பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்தாய். சரியாகப் பூச்சியம் காட்டியது. அடுத்த நாளும் பார்த்தாய். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. முதல் நாள் வெட்கம். பிறகு, சம்பந்தம் குழம்பிவிடும் என்ற பயம். அதற்குப் பிறகு நீ கிடாரத்தைக் கழுவிக் கீழே கொண்டுபோய் வைத்தபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இதைத்தான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. என் பிள்ளை மனம் உடைந்து ஒரு வேலையை விட்டாள், எனக்கு நிம்மதி. நல்ல தாய்!

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் அந்த நிம்மதிக்கு என்ன விலை என்று விளங்கியது. எதனால் பிழைத்தது என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்திருக்கிறாய். முதலாவது வெப்பம். பக்கத்தில் "அம்மா பார்த்தது, சரி" என்று எழுதி முதல் கோடு அதற்குத்தான் போட்டிருக்கிறாய். பிறகு ஈஸ்ட், தண்ணி, பாகு, வாளி சுத்தமில்லையோ, மோல்ட் பழசோ. எல்லாவற்றுக்கும் கோடு. கடைசியில் ஒரு சொல் கோடு இல்லாமல் நிற்கிறது: "நான்".

கெல்லர்ப் படியில் இருந்து அழுதேன். பிறகு மேலே போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார், "அந்தப் பிள்ளை ஐஸ் தண்ணிக்குள்ளை அதை வச்சுப் பாத்துக்கொண்டு இருந்தது, நீ கண்டனியோ?" "ஓம்." "கண்டிட்டும் பேசாமல் நிண்டனியோ?" "ஓம்." அவர் எழும்பிப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்த மனிதர் கோபித்தால் சாப்பாட்டையாவது விடுவார் என்று பார்த்தால் அதையும் விடவில்லை, ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுக் கதைக்காமல் இருந்தார். மூன்றாம் நாள், "இப்ப என்ன செய்யப்போறாய்?" என்றார். மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்றேன். "உன்ரை மன்னிப்பை வச்சு அது என்ன செய்யும்? அதுக்கு ஆதாரம் வேணும்" என்றார். உன் தகப்பனைச் சும்மா சொல்லக்கூடாது, பிள்ளை. அவருக்கு உன்னைத் தெரியும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று நீ எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறாய். நோட்டை எடுத்துக்கொண்டு மோல்ட் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னையும் என் பொட்டையும் பார்த்து, "யாருக்கு?" என்று கேட்டார். "எனக்கு" என்றேன். அவர் உன் குறிப்பை வாசித்துவிட்டு, "இதை எழுதியவருக்கு வேலை தெரியும்" என்றார். அதை நான் ஜெர்மனிலேயே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், நேரில் சொல்லிக் காட்டுகிறேன். வேலையில் இரண்டு நாள் லீவு எடுத்தேன். மோல்ட்டைத் துணிப்பையில் கட்டி அறுபத்தேழு டிகிரித் தண்ணியில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டோம், அப்பா மணிக்கூட்டோடு காவல். சீனிப்பாகை உன் எண்ணின்படி காய்ச்சினேன், இந்த முறை என் கண்ணை நம்பவில்லை. கொதித்து ஆறியதை உன் இரண்டு வாளியிலும் சரிபாதியாக ஊற்றி, ஒரே ஈஸ்ட்டைப் பாதி பாதியாகப் போட்டோம். ஒன்று கெல்லரில். மற்றது துணி காயும் அறையில், அதே மூலையில், சேலைக்குள், மூன்று நாள். கீழ் வீட்டு அன்ரி படியில் கண்டு, "என்ன அக்கா வாளி?" என்று கேட்டா. "பியர் காய்ச்சுறம்" என்றேன். அவ தன் பாட்டில் போனா. இரண்டு நாள் கழித்து வந்து, தன் மனிசனுக்கு ஒரு போத்தல் கிடைக்குமா என்று கேட்டா. இவவுக்குப் பயந்தா நான் இவ்வளவும் செய்தேன்!

காலையும் பின்னேரமும் இரண்டையும் பார்த்து உன் நோட்டில் எழுதியிருக்கிறேன். பட்டியை நம்பாமல் உன் வெப்பமானியால் பார்த்தது. கெல்லர்: 17, 17, 18, 17. துணி அறை: 24, 28, 30, 30. மற்றதை நீயே பார். போத்தலில் அடைத்து மூன்று கிழமை ஆகிறது. நேற்று மத்தியானம் இரண்டையும் திறந்து நான் குடித்துப் பார்த்தேன். ஓம், நான்தான். அறுபத்தொரு வயதில் முதல் தரம். துணி அறைப் பியர் மூக்கைக் குத்தியது, தொண்டையில் எரிந்தது. அந்த ஆள் சொன்ன அதே நகப்பூச்சு மணம்தான். அரைக் கிளாஸுக்கே தலையிடி வந்தது. கெல்லர்ப் பியர் அப்படி இல்லை. பாணின் கருகிய ஓரம், கொஞ்சம் பாகு, முடிவில் ஆறிய தேத்தண்ணியின் கசப்பு. மிச்சத்தை அப்பா குடித்துவிட்டு, "நல்ல கள்ளு மாதிரி, புதுசிலை குடிக்கோணும்" என்றார். நான் அதை விரும்பினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிழை சொல்ல ஒன்றும் இல்லை.

பெட்டிக்குள் இரண்டு போத்தல் இருக்கிறது. கழுத்தில் சிவப்பு நூல் கட்டியது நான் உனக்குச் செய்தது. நூல் இல்லாதது நீ செய்தது. செய்முறை இரண்டிலும் உன்னுடையதுதான். குடித்துப் பார், இல்லாவிட்டால் மணந்தாவது பார். உனக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். கிடாரத்தையும் வாளிகளையும் நான் எறியவில்லை, எறியவும் மாட்டேன். வேண்டுமென்றால் எம்மன்புரூக்கேக்கு அப்பா கொண்டுவந்து தருவார், வேண்டாமென்றால் இங்கே கிடக்கட்டும். திரும்பக் காய்ச்சு என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

புத்திமதி தருகிறேன் என்றேன், இனி எனக்கு அதிகம் மிச்சமில்லை. உன் வீட்டுக்கு யார் வந்தாலும், மாமியே வந்தாலும், நானே வந்தாலும், உன் சாமானை இடம் மாற்றாதே. மருமகனிடம் ஒன்றை ஒளிக்க வேண்டும் போல இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடு, இரண்டாம் நாள் அது பாரமாகிவிடும், ஐந்தாம் வருடம் தூக்கவே ஏலாது. ஏதாவது பிழைத்தால் ஆதாரத்தைத் தேடு, நீ அப்படித்தான் தேடுவாய். ஆனால் அடுத்த முறை யார் எழுதிக் கொடுத்தாலும், அது அம்மா எழுதியதாக இருந்தாலும், நீயே ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டுக் கோடு போடு. இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது. இருந்தாலும் சொல்ல வேண்டியது நான்தான்.

கோபம் வந்தால் கோபி. கலியாண வேலை இருக்கிறது, ஆக்கள் பார்ப்பார்கள் என்று அடக்காதே. நான் மண்டபத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று நீ சொல்லுகிறாயோ அங்கே நிற்பேன்.

நோட்டுப் புத்தகம் போத்தல்களுக்கு அடியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைத் திற. நீ கோடு போடாமல் விட்ட அந்தச் சொல்லுக்கு நான் கோடு போட்டிருக்கிறேன், அடிமட்டம் வைத்து, நேராக. அதற்குக் கீழே இன்னொரு சொல் எழுதியிருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்பே அந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய சொல். கையெழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும்.

அம்மா